இரண்டு நினைவகங்களுக்கு நடுவே விடுபட்ட பட்டாளம்

டெல்லியில் இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டின் சுவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். முதல் உலகப் போரிலும், 1919இல் நடந்த ஆப்கன் போரிலும், வடமேற்கு எல்லைச் சண்டைகளிலும் இறந்தவர்கள் அவர்கள். 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட போர் நினைவகத்தின் கிரானைட் பலகைகளில் ஏறத்தாழ 26 ஆயிரம் பெயர்கள். அவர்கள் எல்லோரும் விடுதலைக்குப் பிறகு உயிர் கொடுத்தவர்கள்.

1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போருக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. போர் தொடங்கியபோது இந்திய ராணுவத்தில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். முடிந்தபோது சுமார் 25 லட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் இத்தனை பெரிய படை உலகில் வேறெங்கும் திரண்டதில்லை. அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து போனவர்களில் சுமார் 87 ஆயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தாக்கியானிலும், சிங்கப்பூரின் கிராஞ்சியிலும், இத்தாலியின் கசினோவிலும், எகிப்தின் எல் அலமைனிலும் கல்லில் இருக்கின்றன.

இறந்தவருக்கு எங்கேயோ ஒரு கல்லாவது இருக்கிறது. உயிரோடு ஊர் திரும்பியவர்களுக்கு என்ன இருந்தது என்பதுதான் இன்னும் சரியாகச் சொல்லப்படாத கதை. நம் ஊர்களில் 'பட்டாளத்தார் வீடு' என்று இன்றும் அடையாளம் சொல்லப்படும் வீடுகள் பலவற்றில் அந்தக் கதைதான் கிடக்கிறது.

போனவர்கள் யார்?

தமிழர்களைப் பொறுத்தவரை இந்தப் போர் ஒரு பழைய தடையை உடைத்தது. பிறவியிலேயே போர்க்குணம் கொண்ட இனங்கள் என்று சிலவற்றைப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து மட்டும் ஆள் எடுப்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கம். தென்னிந்தியர் அந்தப் பட்டியலில் இல்லை. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு 1928இல் மிச்சமிருந்ததும் கலைக்கப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை சப்பர்களின் வேலை. அந்தப் படைக்காரர்களைத் 'தம்பி' என்றே மற்றப் படைகள் அழைத்தன. இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

போர் முற்றி ஆள் போதாமல் போனதும் அந்தப் பட்டியல் மூட்டை கட்டப்பட்டது. மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது. கிராமங்களிலிருந்து இளைஞர்கள் போனார்கள். எதற்காகப் போனார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சோற்றுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 16 ரூபாய் அளவில்தான் இருந்தது. ஆனால் மூன்று வேளை சாப்பாடு நிச்சயம். எடை குறைவாக வந்த இளைஞர்கள் பட்டாளத்து ரேஷனில் சில மாதங்களிலேயே எடை கூடினார்கள் என்பது ராணுவ மருத்துவத் துறையே குறித்துவைத்த செய்தி. பசிக்காகப் போனவர்கள் என்பதால் அவர்கள் தியாகத்தின் மதிப்பு குறைந்துவிடாது. எந்த நாட்டிலும் சிப்பாயாகப் போகிறவர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

காஞ்சிபுரம் அருகே கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனை நம் பள்ளிப் பாடங்கள் அறிமுகம் செய்திருக்க வேண்டும். மதராஸ் சப்பர்ஸைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி நிறைந்த நிலத்தில் தன் குழுவோடு இருந்தார். காலடியில் ஒரு கண்ணி தூண்டப்பட்டது தெரிந்ததும் அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அதன் மேல் தானே விழுந்தார். அவர் இறந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் போர்முனை வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நொடிகளால் ஆனதில்லை. பர்மா முனையில் குண்டைவிடக் கொசுதான் அதிகம் பேரைச் சாய்த்தது. 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு, நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, உண்ணிக்காய்ச்சல். மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரையை அதிகாரியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்று உத்தரவு போடும் அளவுக்கு நிலைமை இருந்தது. ஊருக்குப் போகும் கடிதங்களைத் தணிக்கைக்காரர்கள் படித்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்த தோழர் எழுதிக்கொடுத்தார். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே இத்தனை கண்கள் இருந்தால் கடிதத்தில் என்ன எழுத முடியும்? நலம், நலமறிய ஆவல், மணியார்டர் வந்ததா. அவ்வளவுதான் எழுதியிருப்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் பலர் அதற்கு மேல் பேசாமலே இருந்துவிட்டதில் வியப்பில்லை.

திரும்பியபோது கையில் என்ன?

1945 இறுதியில் படைக்குறைப்பு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் இருபது லட்சம் பேர் அளவுக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கையில் டிஸ்சார்ஜ் சான்று, சேர்ந்திருந்த விடுப்புச் சம்பளம், ஒரு சிறு தொகையாகப் போர்க்கால கிராஜுவிட்டி. பதக்கங்கள் பிறகு வந்தன.

பென்ஷன் வரவில்லை. காரணம் எளிமையானது, ஈவிரக்கம் இல்லாதது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். போர் முடியும் வரை என்ற நிபந்தனையில் சேர்க்கப்பட்டவர்கள் மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டார்கள். தாமாக விலகியவர்கள் அல்லர், அரசே அனுப்பியது. இருந்தும் விதிப்படி அவர்களுக்கு உரிமை இல்லை. போரில் ஊனமடைந்து, அது பணியால் நேர்ந்தது என்று ராணுவமே ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் ஊன ஓய்வூதியம் கிடைத்தது. பின்னாளில் நாடு முழுவதும் விவாதமான 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டமும் இவர்களைத் தொடவில்லை. ஓய்வூதியமே இல்லாதவருக்கு அதைச் சமன்செய்ய என்ன இருக்கிறது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. போர்க்காலத்தில் ஒவ்வொரு வீரர் கணக்கிலும் மாதம் 2 ரூபாய் வீதம் ஒதுக்கி, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு நிதி ஒன்றைச் சேர்த்தார்கள். அது தனித்தனியாக வீரர்கள் கைக்குப் போகாமல், பொது நலனுக்கென்று மாகாணங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. வேலைக்கு ஏற்பாடாக 1945இல் ஓர் இயக்ககம் அமைக்கப்பட்டு, வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. நம்மில் பலர் பத்தாவது மதிப்பெண் பட்டியலோடு வரிசையில் நின்று பதிந்த அந்த 'எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச்' முதன்முதலில் தொடங்கப்பட்டது பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்காகத்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டவும் இன்ஜின் பிரிக்கவும் கற்றவர்களுக்கு வெளியே பிழைக்க வழி இருந்தது. துப்பாக்கி மட்டுமே பிடிக்கக் கற்றவர்கள் போலீஸிலோ காவலாளி வேலையிலோ சேர்ந்தார்கள். இல்லையென்றால் விட்டுவந்த அதே ஏருக்குத் திரும்பினார்கள்.

நிலமும் கொடுத்தார்கள். மதராஸ் அரசு அப்போது தன் எல்லைக்குள் இருந்த வயநாட்டில், முன்னாள் வீரர்களுக்கென ஒரு குடியேற்றத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே குடியேறியவர்களின் விவசாயத்துக்கு உதவ 1946இல் அம்பலவயலில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. ஆனால் அன்றைய வயநாடு மலேரியாவுக்குப் பேர்போன காடு. பர்மாவில் மலேரியாவிலிருந்து பிழைத்து வந்தவருக்கு அரசு காட்டிய நிலம் மறுபடியும் ஒரு மலேரியாக் காட்டில் இருந்தது என்பதைப் படிக்கும்போது மனம் கசக்கிறது.

யாருடைய வீரர்கள்?

இவர்களை மறந்ததற்கு வெளிப்படையாகச் சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு. இவர்கள் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள் என்ற எண்ணம்தான் அது. விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். சீருடையோடு திரும்பியவரை ஊர் கொண்டாடவில்லை.

எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கும் எளிதாக அமையவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். மலேயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களும் பெருமளவில் அதில் சேர்ந்தார்கள். சேர மறுத்த கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டு, பசியிலும் நோயிலும் மாண்டார்கள். போர் முடிந்ததும் ஐ.என்.ஏ.வினரைப் பிரிட்டிஷார் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பில் வைக்கப்பட்டவர்கள் நிலுவைச் சம்பளம்கூட இல்லாமல் நீக்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த இந்திய அரசும் அவர்களை ராணுவத்தில் மீண்டும் சேர்க்கவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய ஓய்வூதியம் 1972இல் வந்தபோதுதான், தகுதி நிரூபித்தவர்களுக்கு அதன் கீழ் ஓர் ஏற்பாடு அமைந்தது. அதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஐ.என்.ஏ.வினருக்குத் தாமதமாகவேனும் தேசத்தின் நன்றி கிடைத்தது. அது அவர்களுக்கு உரியது. ஆனால் 1944இல் கோஹிமாவிலும் இம்பாலிலும் ஜப்பானியரை எதிர்த்து நின்றவர்கள் எந்த மண்ணில் நின்றார்கள்? அதே ரெஜிமெண்டுகள்தான், அதே மனிதர்களில் பலர்தான், 1947 அக்டோபருக்குப் பிறகு காஷ்மீருக்குப் போனார்கள். காஷ்மீரில் இறந்தவரின் பெயர் டெல்லிப் பலகையில் இருக்கிறது; அதே படையின் சீருடையில் மூன்று ஆண்டு முன்னால் இம்பாலில் இறந்தவரின் பெயர் இல்லை. ஒரு ராணுவத்தின் மரபைப் பெருமையோடு எடுத்துக்கொண்ட நாடு, அந்த மரபை உண்டாக்கிய மனிதர்களையும் தன்னவர்களாக ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது கிடைப்பது

ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும், அவர்கள் மறைந்திருந்தால் மனைவியருக்கும், தமிழ்நாடு உட்படப் பல மாநில அரசுகள் மாதாந்திர உதவித்தொகை தருகின்றன. மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு, ஓய்வூதியம் பெறாத, 65 வயது கடந்த, ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் வீரர்களுக்கு வறுமை நிவாரணம் வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இது 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நல்ல உயர்வுதான். ஆனால் 1945இல் 18 வயதாக இருந்தவர்கூட இன்று நூறை நெருங்கியிருப்பார். எத்தனை பேர் கைநீட்டி வாங்க இருப்பார்கள்?

பணி ஆண்டுகளை மட்டும் வைத்து ஒரு வீரரின் உரிமையை அளக்கும் முறை பழங்கதையாகிவிடவில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்கள் நான்கு ஆண்டு பணியாற்றுவார்கள். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ கிடையாது. முதல் அணியினர் 2022 இறுதியில் பயிற்சிக்குப் போனார்கள். அவர்கள் ஊர் திரும்பும் நாள் வந்துகொண்டிருக்கிறது. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களுக்கு இது அன்றாடக் கவலை. 1946ஐ அறிந்தவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரிந்த குடும்பங்கள் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்ட போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் வீரர்களின் பதக்கங்களில் அரசு இதைச் செய்யவில்லை. நட்சத்திர வடிவப் பதக்கம் எந்த முனையில் இருந்தார் என்பதைச் சொல்லிவிடும்: பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று அதிலேயே எழுதியிருக்கும். படை எண்ணும் பிரிவும் கிடைத்தால் அந்தப் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மதராஸ் சப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும் என்பதால் நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். வீரரின் மனைவி உயிரோடு இருந்தும் உதவித்தொகை வாங்காமல் இருந்தால், டிஸ்சார்ஜ் சான்றையும் அடையாள ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள்.