சத்தம் குறைந்த வானூர்தி

ஹெலிகொப்டர் சத்தம் தூரத்தில் கேட்டாலே பங்கருக்குள் இறங்கிவிடும் காலத்தில் வளர்ந்தவள் நான். அந்தச் சத்தத்தைக் குறைக்கும் ஒரு வடிவமைப்பைப் பற்றி அண்மையில் வாசித்தேன்: இத்தாலியில் உருவான 'புரொஜெக்ட் சீரோ'.

அகஸ்டாவெஸ்ட்லண்ட் நிறுவனத்தின் இந்தப் பரிசோதனை வானூர்தி 2011 இல் ஆளில்லாமல் முதன்முதலாக மேலெழுந்தது. 2013 இல்தான் வெளியுலகுக்குக் காட்டினார்கள். இரு இறக்கைகளுக்குள்ளும் ஒவ்வொரு பெரிய சுழலி இருக்கிறது. சுழலிகள் வானத்தைப் பார்த்தபடி சுற்றினால் ஹெலிகொப்டர்போல நேரே எழும்பும். அவை முன்பக்கம் சரிந்தால் விமானம்போல இறக்கையின் பலத்தில் பறக்கும்.

இப்படிச் சாயும் சுழலி புதிதல்ல. ஆனால் வழமையாக எஞ்சினின் விசையைப் பற்சக்கரங்களும் நீண்ட தண்டுகளும் கடத்த வேண்டும். இங்கே பற்றரியில் இயங்கும் மின்மோட்டார்களே சுழலிகளைச் சுற்றுகின்றன. எண்ணெய் அழுத்தக் குழாய்களும் இல்லை. தரையில் நிற்கையில் சுழலிகளைக் காற்றுக்கு எதிரே திருப்பி, காற்றாலைபோலச் சுழலவிட்டுப் பற்றரிக்கு மின்னேற்றவும் திட்டமிட்டார்கள்.

பெரிய தடை பற்றரியின் பாரம். அதே எடையுள்ள எரிபொருள் தரும் சக்தியில் சிறு பங்கையே அது தரும்.

எரிபொருள் எஞ்சின் இல்லாததால் இரைச்சலும் வெப்பமும் குறைவு. நகரத்தில் நோயாளியை ஏற்றிச் செல்ல அது நன்மைதான். ஆனால் அந்த நிறுவனம் இராணுவ ஹெலிகொப்டர்களும் செய்தது. பங்கருக்கு ஓட எங்களுக்குக் கிடைத்த சில நிமிடங்களைத் தந்தது அந்தச் சத்தம்தான்.