ஏ/எல், ஏ/பி: இரண்டெழுத்தின் பொருள்

நம் பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், ஏறக்குறைய எல்லாப் பெயர்களின் நடுவிலும் ஒரு சாய்கோடும் அதன் இருபுறமும் இரண்டு எழுத்துக்களும் காணப்படும். மாணவன் பெயராயின் ஏ/எல். மாணவி பெயராயின் ஏ/பி. இவை எச்சொற்களின் சுருக்கம் என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டேன். "அது என் பெயரில் பாதி, ஐயா" என்றான் ஒரு சிறுவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் பலருக்கும் அதே எண்ணம் உண்டு.

இவை மலாய்ச் சொற்களின் சுருக்கங்கள். "அனாக் லெலாகி" என்றால் ஆண் பிள்ளை. "அனாக் பெரம்புவான்" என்றால் பெண் பிள்ளை. ஆகவே "முருகன் ஏ/எல் சின்னசாமி" என்பதைத் தமிழில் "சின்னசாமியின் மகன் முருகன்" என்று முறைமாற்றிச் சொல்லவேண்டும். தமிழ் வழக்கில் தந்தையின் பெயர் முன்னே நிற்கும். துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் பெயரில் முதலில் உள்ள "வீ", அவர்தம் தந்தையார் வீராசாமியைக் குறிப்பதாகும். இன்னும் பின்னோக்கிச் சென்றால், சங்கப் புலவர் ஒருவரின் பெயரே "மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்" என வழங்கக் காண்கிறோம். இன்று ஏ/எல் செய்யும் வேலையை அன்று "மகனார்" என்னும் சொல் செய்தது. வழக்கம் நமக்குப் பழையது, எழுத்துத்தான் புதியது.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியின் பழைய பத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அவற்றில் எஸ்/ஓ, டி/ஓ என்று இருக்கக்கூடும். அவை "சன் ஆஃப்", "டாட்டர் ஆஃப்" என்னும் ஆங்கிலத் தொடர்களின் சுருக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் பதிவுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. 1957இல் நாடு விடுதலை பெற்றது. 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. பதிவுகள் மலாய்க்கு மாறவே, சுருக்கமும் மாறியது. 1965இல் தனி நாடான சிங்கப்பூரில் ஆங்கிலச் சுருக்கமே நிலைத்துவிட்டது. ஆகவே அண்ணன் ஜொகூரிலும் தம்பி சிங்கப்பூரிலும் பிறந்திருந்தால், ஒரே தந்தையின் பெயருக்கு முன்னால் ஒருவனுக்கு மலாய் எழுத்தும் மற்றவனுக்கு ஆங்கில எழுத்தும் நிற்கும். தமிழ்நாட்டுப் பத்திரங்களிலோ "த/பெ" என்றிருக்கும். அது தகப்பனார் பெயர் என்பதன் சுருக்கம்.

இந்த எழுத்துக்கள் இந்தியர்க்கு மட்டும் உரியவை என்று நினைத்துவிடாதீர்கள். கெடாவில் வாழும் சயாமியர் பெயர்களிலும் ஏ/எல், ஏ/பி உண்டு. சரவாக்கின் ஈபான் மக்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக "அனாக்" என்றே எழுதுவர். மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் எழுதும் பின், பிந்தி என்பவை அரபு மொழியிலிருந்து வந்தவை. அவற்றின் பொருளும் மகன், மகள் என்பதே.

கடல் கடந்தால் அதே எழுத்துக்கள் வேறு பொருள் தரும். இலங்கை மாணவரிடம் ஏ/எல் என்றால், பல்கலைக்கழகம் புகுவதற்கு முன் எழுதும் உயர்தரத் தேர்வு என்றே புரிந்துகொள்வார். இந்தியாவில் ஏ.பி. என்றால் ஆந்திரப் பிரதேசம். நம் நாட்டிலேயே கார் வியாபாரியிடம் ஏ.பி. என்றால், வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யும் அனுமதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்!

கடப்பிதழின் அடியில் பொறி படிப்பதற்கென அச்சிட்ட வரிகளில் சாய்கோட்டுக்கு இடமில்லை. எனவே அயல்நாட்டார் சிலர் "ஏஎல்" என்பதையும் பெயரெனக் கொள்வர், இறுதியில் நிற்கும் தந்தை பெயரைக் குடும்பப் பெயரென எண்ணி, மகனையே "திரு. சின்னசாமி" என்று அழைப்பர். இதையாவது சிரித்துக்கொண்டே விளக்கிவிடலாம்.

பத்திரத்தில் வரும் பிழை அப்படியன்று. சில ஆண்டுகளுக்கு முன், பால்மரம் வெட்டும் தந்தை ஒருவர் தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்தார். பிறப்புப் பத்திரத்தில் பால் என்ற கட்டத்தில் பெண் என்றிருந்தது. பெயரிலோ ஏ/எல் என்றிருந்தது. பாரத்தைப் பூர்த்தி செய்தது வேறொருவர். தந்தையார் கையொப்பம் மட்டும் இட்டிருந்தார். ஆறு ஆண்டுகளாக அந்தத் தாள் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. சுட்டிக் காட்டியதும் அவர் முகம் வாடிற்று. "ஒரு எழுத்துத்தானே, சார்?" என்றார். அந்த ஓர் எழுத்துக்காக அவர் மூன்று நாள் கூலியை இழந்து, பட்டணத்திற்குப் போய்வர நேர்ந்தது.

அந்தச் சிறுமி இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுத்ததும், அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முதலில் தன் படத்தைக் காட்டவில்லை. ஏ/பி என்றிருந்த இடத்தில்தான் விரலை வைத்தாள்.