எஞ்சிய நுரையீரலும் அமானிதமே!



நுரையீரலை எடுத்துவிட்டால் மனிதன் எவ்வாறு வாழ்வான் என்று திகைக்கிறீர்களா? வல்ல அல்லாஹ் நமக்கு இரு நுரையீரல்களை அருளியுள்ளான். வலப்புறத்தில் மூன்று மடல்கள், இடப்புறத்தில் இரண்டு. ஒரு மடலில் புற்றுநோய் தோன்றினால் அதனை மட்டும் அகற்றுவர். பின்னர் அதே பக்கத்தில் நோய் மீண்டும் தலைதூக்கினால், அங்கு எஞ்சியதையும் அகற்ற நேரிடலாம். அதன்பின் மறுபக்க நுரையீரல் ஒன்றே மூச்சுக்குத் துணை.

முதல் அறுவையின் தழும்புகளால் உள்ளே ஒட்டுதல் ஏற்பட்டிருக்குமாதலால், இரண்டாம் அறுவை கடினமானது, ஆபத்தும் மிகுதி. நோய் வேறிடம் பரவவில்லை, மறு நுரையீரலும் இதயமும் சுமையைத் தாங்கும் என்று தெளிந்த பின்னரே மருத்துவர் இசைவார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1933-இல் டாக்டர் எவர்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய் கண்ட ஒரு மருத்துவரின் முழு நுரையீரல் ஒன்றை அகற்றினார். ஒற்றை நுரையீரலுடன் அவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். கிரஹாமோ புகைபிடிப்பவர். புகைக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை 1950-இல் ஆய்ந்து வெளியிட்டவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் புகையைக் கைவிட்டார். ஆயினும் 1957-இல் அதே நோயால் மாண்டார்.

சிந்தியுங்கள்! ஒரு மடலை இழந்தவர் மீண்டும் பீடியைப் பற்றவைத்தால், தம்மைத் தாங்கவேண்டிய மறு நுரையீரலையே எரிக்கிறார். புகைக்காதோர்க்கும் இந்நோய் வருவதுண்டு. எனவே எந்த நோயாளியையும் பழியாதீர். குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள், துஆச் செய்யுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அமானிதத்தைப் பேணுவது நம் கடமை.