பீலி, மங்குக் கம்பி, தகரக் கூரை: சிறு உலோகத்தை வளைக்க எந்தக் கருவி?

தோட்ட வாழ்க்கையை மாதிரியாகச் செய்து வரும் மாணவர்கள் பலரும் அட்டையில் லயம் கட்டி, சுற்றிலும் பால்மரங்களை நட்டு நிறுத்திவிடுகிறார்கள். மரத்தில் பீலி இருக்காது. மங்கைத் தாங்கும் கம்பி இருக்காது. வாளிக்குக் கைப்பிடி இருக்காது. கேட்டால், "அவ்வளவு சின்னதா தகரத்தை வளைக்க முடியலண்ணே" என்பார்கள்.

முடியும். அதற்கு வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த வளைப்புக் கருவியை வரவழைக்க வேண்டியதில்லை. பாரோயில் விடுமுறை நாள்களில் சில தம்பி தங்கைகளோடு இப்படிப்பட்ட மாதிரிகளைச் செய்து வருகிறேன். எங்கள் கருவிப் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்தான்.

1:20 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். உண்மையில் 20 சென்டிமீட்டர் உள்ளது மாதிரியில் 1 சென்டிமீட்டர். 6 சென்டிமீட்டர் பீலி 3 மில்லிமீட்டராகிவிடும். அதைக் குறட்டால் பிடித்தால் குறடுதான் தெரியும், பீலி தெரியாது. ஆகவே அதற்குக் குறடே வேண்டாம். காலி அலுமினியப் பான டின்னின் பக்கச் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிப்புதான். அதில் மெல்லிய துண்டொன்றை வெட்டி அழிரப்பர்மீது வையுங்கள். இரும்பு அடிக்கோலின் விளிம்பை நடுவில் வைத்து அழுத்துங்கள். ரப்பர் கீழே அமுங்க, தகரம் தானாகவே மடிந்து வாய்க்கால்போல் நிற்கும். டின்னை வெட்டும்போது மட்டும் தடித்த கையுறை கட்டாயம். அதன் விளிம்பு பிளேடுபோல் அறுக்கும்.

நீளமான மடிப்புக்குக் கதை வேறு. இங்கே நான் பார்க்கும் விதி ஒன்றே: மடிப்புக்கோடு எவ்வளவு நீளமோ, பிடிக்கும் கருவியும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். 8 சென்டிமீட்டர் தகரத்தைச் சிறு குறட்டால் துண்டு துண்டாக மடித்தால் கோடு அலையலையாக வரும். இரண்டு இரும்பு அடிக்கோல்களுக்கு நடுவே தகரத்தை வைத்து, இரு முனைகளிலும் காகிதக் கிளிப் போட்டு இறுக்கி, வெளியே நீட்டும் பகுதியை மரக்கட்டையால் ஒரே வீச்சில் தள்ளுங்கள். கடையில் விற்கும் வளைப்புக் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

குறடு வாங்குவதானால் வாயின் உட்புறத்தைத் திறந்து பாருங்கள். பள்ளிப் பட்டறையில் 'பிளாயார் முன்சோங் தீருஸ்' என்று படிக்கிறோமே, அந்தக் கூர்மூக்குக் குறட்டின் வாயில் பெரும்பாலும் பல் வெட்டியிருக்கும். மின்கம்பி இழுக்க அது நல்லது. மென்மையான பித்தளையில் வடு போட்டுவிடும். மணிமாலை, தோடு செய்யும் பொருள் விற்கும் கடைகளில் பல் இல்லாத சப்பை மூக்கும் வட்ட மூக்கும் கிடைக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் சப்பை மூக்கையே வாங்குங்கள். வட்டத்துக்கு வேறு வழி உண்டு.

அந்த வழி, துளையிடும் ஊசிகள். 12 சென்டிமீட்டர் அகல மங்கு மாதிரியில் 6 மில்லிமீட்டர். பித்தளைக் கம்பியை 6 மில்லிமீட்டர் ஊசியில் சுற்றினால், கையை எடுத்தவுடன் கம்பி சற்று விரிந்து வளையம் பெரிதாகிவிடும். 5 மில்லிமீட்டரிலிருந்து சோதித்துப் பாருங்கள். செம்புக் கம்பி அவ்வளவு விரியாது.

பித்தளையை இப்படியும் அப்படியும் வளைத்தால் கெட்டியாகி முறிந்துவிடும். பத்தர் கம்பியை நெருப்பில் காட்டி இளக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பித்தளைக்கும் அதுவே மருந்து: மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் இளகும். இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, சாமணத்தால் பிடித்துச் செய்யுங்கள். அலுமினியத்தில் இந்த வித்தை வேண்டாம். அது சிவக்காமலே 660 பாகையில் உருகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை லயத்துக் கூரைதான். நெளித்தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் வழக்கமான இடைவெளி 76 மில்லிமீட்டர். மாதிரியில் ஏறத்தாழ 4. பலகையில் சத்தே குச்சிகளை 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டுங்கள். டின் தகரத்தை மேலே பரப்பி, ஓர் ஓரத்திலிருந்து ஒவ்வொரு பள்ளமாக மை தீர்ந்த பேனாவால் அழுத்திக்கொண்டே போங்கள். எல்லாப் பள்ளத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் தகரம் கிழியும். ஒவ்வொரு பள்ளமும் தகரத்தை உள்ளே இழுப்பதால், 10 சென்டிமீட்டர் கூரைக்குப் பன்னிரண்டு வெட்டி, மிச்சத்தைக் கடைசியில் நறுக்குங்கள்.

கருவி கைக்கு வந்துவிடும். அளவுதான் அவசரம். நெகிரி செம்பிலானில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பீலியின் நீளத்தையும் வாளியின் உயரத்தையும் விரலால் காட்டக்கூடியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்தான். எங்கள் மாதிரியைப் பார்த்த ஒரு பாட்டி முதலில் பீலியைத்தான் தொட்டார். அது வெட்டுக்கோட்டின் கீழ்முனையில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பால் மங்கில் விழாமல் பட்டையிலேயே வழிந்துவிடும் என்றார். அந்தச் சாய்வு எங்கள் கையில் இருந்த எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை.

வாளிக் கைப்பிடி செய்யும்போது மட்டும் வரிசை முக்கியம். முதலில் இரு முனைகளிலும் சின்னக் கொக்கிகள், பிறகு நடுவில் பெரிய வளைவு. மாற்றிச் செய்தால், கொக்கி போடக் குறட்டைத் திருகும்போதே வளைவு கோணிவிடும்.