யதார்த்தவாதமும் செல்வாக்கு மண்டலங்களும்: பின்லாந்து, ஹங்கேரி ஓர் ஒப்பீடு

முன்னுரை

வல்லரசுகள் தம்மைச் சூழ்ந்த சிறு நாடுகளைச் செல்வாக்கு மண்டலத்துக்குள் நிறுத்த முனைவதை ஆட்சியாளரின் பேராசை என விளக்குவது எளிது. பன்னாட்டு உறவியலின் யதார்த்தவாதக் கோட்பாடு அதனை உலக அமைப்பின் விளைவாகக் காண்கிறது. அவ்விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதைச் சோவியத் ஒன்றியத்தின் அணுகுமுறையைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்பாட்டு அடிப்படை

கென்னத் வால்ட்ஸ் 1979இல் முன்வைத்த அமைப்பியல் யதார்த்தவாதத்தின்படி, அரசுகளுக்கு மேலான அதிகாரம் உலகில் இல்லை. எனவே ஒவ்வோர் அரசும் தன் பாதுகாப்பைத் தானே தேடவேண்டியுள்ளது. பிற அரசின் நோக்கத்தை உறுதியாக அறியவும் இயலாது; இன்று அறிந்தாலும் நாளை அது மாறலாம். ஜான் மியர்ஷைமர் 2001இல் இக்கருத்தை மேலும் விரித்து, தன் வட்டாரத்தில் மேலாதிக்கம் பெறுவதே ஒரு வல்லரசுக்குச் சிறந்த பாதுகாப்பு என்றார். இந்நோக்கில் செல்வாக்கு மண்டலத்தின் முதன்மைப் பயன், போட்டி வல்லரசு அண்டை நிலத்தில் காலூன்றாமல் தடுப்பதாகும்.

ஒரே வல்லரசு, இரு அணுகுமுறைகள்

ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ தன் நிலத்தின் வழியாகச் சோவியத் ஒன்றியத்தைத் தாக்கினால் எதிர்த்துப் போரிடுவதாக 1948 ஏப்ரல் உடன்படிக்கையில் பின்லாந்து ஒப்புக்கொண்டது. அங்குப் பலகட்சி மக்களாட்சி நீடித்தது. ஹெல்சின்கிக்கு அருகிலிருந்த போர்க்கலா தளத்தையும் 1956 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் திருப்பி அளித்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4இல் சோவியத் படைகள் புடாபெஸ்டைத் தாக்கின.

வார்சா உடன்பாட்டிலிருந்து விலகி நடுநிலை வகிப்பதாக நவம்பர் 1இல் இம்ரே நாட்ஜ் அறிவித்ததே இத்தாக்குதலுக்குக் காரணம் எனக் கூறப்படுவதுண்டு. எனினும் படையெடுக்கும் முடிவு அதற்கு முந்தைய நாளிலேயே மாஸ்கோவில் எடுக்கப்பட்டுவிட்டது. சூயஸ் நெருக்கடி வேளையில் பின்வாங்குவது பலவீனமாகக் கருதப்படும் என்ற அச்சமும், ஹங்கேரியில் ஒரு கட்சி ஆட்சி சரிந்துகொண்டிருந்ததும் அம்முடிவின் பின்னணியில் இருந்தன.

கோட்பாட்டின் எல்லை

முதல் அச்சத்தை யதார்த்தவாதம் எளிதில் விளக்கும். இரண்டாவதை வால்ட்ஸின் கோட்பாடு விளக்காது. அரசின் உள்ளமைப்பை அது கணக்கில் கொள்வதில்லை. எதிரியைத் தடுப்பது மட்டுமே நோக்கமெனில், 1955இல் ஆஸ்திரியாவுக்கு ஏற்கப்பட்ட நடுநிலை ஹங்கேரிக்கும் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆகவே வல்லரசு ஏன் செல்வாக்கு மண்டலத்தை நாடுகிறது என்பதற்கு உலக அமைப்பு விடை தருகிறது. அம்மண்டலத்தில் எவ்வளவு ஆழமாகத் தலையிடுகிறது என்பதற்கு உள்நாட்டுக் காரணிகளையும் நாடவேண்டும். 1998இல் கிடியன் ரோஸ் பெயரிட்ட புதுச்செவ்வியல் யதார்த்தவாதம் இவ்விரண்டையும் இணைக்க முயல்கிறது.

முடிவுரை

வல்லரசின் அச்சத்தை விளக்குவது அதன் செயலை நியாயப்படுத்துவதாகாது. இவ்வேறுபாட்டை ஆய்வாளர் கைவிடலாகாது. மேலும், உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்புக்குப் பின் 2023 ஏப்ரல் 4இல் பின்லாந்து நேட்டோவில் இணைந்தது. அண்டை நாட்டை அச்சுறுத்திப் பாதுகாப்புத் தேடும் வல்லரசு, தான் தவிர்க்க விரும்பிய விளைவையே தேடிக்கொள்ளவும் கூடும் என்பதை இது காட்டுகிறது.