சீன மொழி பயிலச் சீனம் செல்வோர்க்கு

நமது சங்கத்து நெசவாளர் ஒருவரின் மகள், பட்டப் படிப்பை முடித்தவள், சீன மொழி பயில வேண்டுமென விழைந்தாள். நம் நாடு இறக்குமதி செய்யும் கச்சாப் பட்டு நூலில் பெரும்பகுதி சீனத்திலிருந்தே வருகின்றது. அந்த வாணிகத்தில் மொழி அறிந்தோர்க்கு இடமுண்டு என்பது அவள் கருத்து. கருத்தில் குறையில்லை. தந்தையாரும் சேமிப்பில் கை வைத்தார். செப்டம்பரில் பெய்ஜிங் நகரில் வகுப்புத் தொடங்க வேண்டும். விமானச் சீட்டும் வாங்கியாயிற்று. ஆகஸ்டு இறுதியில் விசா விண்ணப்பம் திரும்பி வந்தது.

காரணம் அவளுடைய பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நின்றது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் கட்டம் வெறுமையாக இருந்தது. சேர்க்கைக் கடிதத்திலோ, அவளே படிவத்தில் இட்டபடி, தந்தையின் முழுப் பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தது. மூன்று தாள்களிலும் மூன்று விதமான பெயர்! அவள் குற்றமென்று இதனைச் சொல்லலாகாது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம்மவர் வழக்கம் அயல்நாட்டுப் படிவங்களுக்குப் புரிவதில்லை. அக்கட்டத்தை நிரப்பாமல் மேற்செல்லப் பல படிவங்கள் விடுவதுமில்லை. எனவே விண்ணப்பத்தைத் தொடங்குமுன்பே பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்தெழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தையும் நிரப்பி, மறுபதிப்புப் பெற்றுக்கொள்வது நலம். அதன் பின்னர் எந்தத் தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே, ஓர் எழுத்தும் மாறாமல், இட வேண்டும். பள்ளிச் சான்றிதழ் மாறுபட்டிருப்பின், இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்பு எழுதி வைத்துக்கொள்வது உதவும்.

இவ்விடரைக் கண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அயல்நாட்டார் சீனத்திற்குச் சென்று அந்நாட்டு மொழியைப் பயிலும் ஏற்பாடு மிகப் பழையதன்று. மக்கள் சீனக் குடியரசு அமைந்த மறு ஆண்டாகிய 1950-இல், பெய்ஜிங்கிலுள்ள சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஐரோப்பிய மாணவர்க்கென ஒரு தனி வகுப்பு அமைக்கப்பெற்றது. முதலில் வந்தவர் 33 பேர். அவ்வழியில் 1962-இல் அயல்நாட்டு மாணவர்க்கெனவே ஒரு கல்விக்கூடம் நிறுவப்பெற்று, இன்று பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் என வழங்குகின்றது. இப்போது அந்நாட்டின் பற்பல பல்கலைக்கழகங்கள் அயலாரை மொழி மாணவராக ஏற்கின்றன. தைவானில் பயில விரும்புவோர்க்குத் தைப்பே நகரத் தேசிய ஆசிரியப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய மொழிப் பயிற்சி நிலையம் உண்டு. அங்குப் பழைய நிறைவடிவ எழுத்துகளே வழக்கில் உள்ளன. விண்ணப்ப முறையும் வேறு. அதனை இங்கு விரிக்கவில்லை.

முதலில் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. மொழி மாணவராகச் சேர்வது வேறு. பட்ட மாணவராகச் சேர்வது வேறு. மொழி மாணவர் ஓர் அரையாண்டோ ஓராண்டோ பயின்று சான்றிதழ் பெற்றுத் திரும்புவர். அது பட்டமன்று. ‘ஓராண்டு படித்தேன், பட்டம் எங்கே?’ என்று பின்னர்க் கலங்கிப் பயனில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசும் தரகர் உளர் என்பதையும் சொல்லி வைக்கின்றோம். பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களைத் தத்தம் இணையதளத்தின் வாயிலாக நேரே பெற்றுக்கொள்கின்றன. படிவத்தை நிரப்பத் தெரிந்த பிள்ளைக்குத் தரகர் எதற்கு? சங்கம் இருக்க வட்டிக் கடைக்குப் போவது போன்றது அது.

மொழி மாணவர்க்குச் சீனம் முன்பே தெரிந்திருக்க வேண்டுமென்னும் நிபந்தனை பொதுவாக இல்லை. சென்றபின் ஒரு சிறு தேர்வு வைத்து வகுப்பைப் பிரிப்பர். சீன மொழியில் நடக்கும் பட்டப் படிப்பிற்கோ எச்.எஸ்.கே. என்னும் மொழித் தேர்வின் சான்று கேட்பர். இத்தேர்வு 1984 முதல் பெய்ஜிங்கில் உருவாக்கப்பெற்றது. 2010-இல் ஆறு படிகளாகத் திருத்தப்பட்டபோது நான்காம் படிக்கு 1,200 சொற்களும், ஐந்தாம் படிக்கு 2,500 சொற்களும் எனக் கணக்கிட்டனர். ஒன்பது படிகள் கொண்ட புதிய தர வரையறை 2021-இல் வெளியாயிற்று. ஆதலால் பழைய புத்தகத்தை வாங்கிப் படிக்கத் தொடங்குவோர், எந்த முறைப்படி தேர்வு நடக்கின்றது என்று கேட்டறிந்து தொடங்குக. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு அத்தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும்.

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகின்றது. இரண்டாம் பருவம் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ தொடங்கும். சீன அரசின் உபகாரச் சம்பளம் வேண்டுவோர் முந்திய குளிர்காலத்திலேயே விழித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே விண்ணப்பங்கள் கோரப்படும். அச்சம்பளம் பெறுவோர்க்குக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் போக, பட்டப் படிப்பிற்கு மாதம் 2,500 யுவானும், முதுகலை மாணவர்க்கு 3,000 யுவானும், ஆராய்ச்சி மாணவர்க்கு 3,500 யுவானும் என விகிதம் வகுத்துள்ளனர். கல்வித் திட்டம் ஒன்றைத் தாமே எழுதித் தரவேண்டும். ‘சீனப் பண்பாடு மிகத் தொன்மையானது’ என்று தொடங்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அங்குள்ளோர் சலித்திருப்பர் என்பது நம் எண்ணம். தறியருகே வளர்ந்த பிள்ளை, நூல் வாங்குமிடத்தில் மொழி அறியாமையால் வீட்டார் பட்ட பாட்டை நான்கு வரியில் எழுதினால் அதுவே மேல்.

தாள்கள் வருமாறு: பாஸ்போர்ட், கடைசியாகப் பெற்ற சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும், அவற்றின் ஆங்கில அல்லது சீன மொழிபெயர்ப்பு, செலவுக்குப் பணம் உண்டென்பதற்கு வங்கிச் சான்று, குற்ற வழக்கு இல்லையென்னும் காவல் துறைச் சான்று, வைத்தியப் பரிசோதனைப் படிவம். கடைசியாகச் சொன்னதில் பலர் இடறுகின்றனர். அது அயல்நாட்டார்க்கென வகுத்த தனிப் படிவம். மார்பு எக்ஸ்-கதிர்ப் படம், இருதயத் துடிப்புப் பதிவு, இரத்தப் பரிசோதனை ஆகிய யாவும் அதில் அடங்கும். ஒட்டிய புகைப்படத்தின் மேல் மருத்துவமனை முத்திரை விழாவிடில் படிவம் செல்லாது. பரிசோதனை முடிவும் ஆறு மாதமே செல்லுமாதலால், மிக முந்திச் செய்து வைப்பதும் வீண்.

சேர்க்கை உறுதியானபின் இரண்டு தாள்கள் வரும். ஒன்று சேர்க்கை அறிவிப்பு. மற்றொன்று விசாவிற்குரிய படிவம்; உபகாரச் சம்பளம் பெறுவோர்க்கு ஜே.டபிள்யூ. 201 என்றும், சொந்தச் செலவில் செல்வோர்க்கு ஜே.டபிள்யூ. 202 என்றும் அதற்குப் பெயர். 180 நாட்களுக்கு மேல் தங்கிப் பயில்வோர் எக்ஸ் 1 விசாவும், அதற்குட்பட்டோர் எக்ஸ் 2 விசாவும் பெற வேண்டும். எக்ஸ் 1 பெற்றவர் சென்றிறங்கிய 30 நாட்களுக்குள் அங்கே தங்கும் உரிமைச் சீட்டிற்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஓட்டலை விடுத்து வேறு இல்லத்தில் தங்குவோர் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இது 2013 முதல் நடைமுறையிலுள்ள சட்டம். அயர்வு, உறக்கம் எதுவும் இதற்குச் சமாதானமாகா.

இனி அந்த மொழியைப் பற்றிச் சிறிது. ஒரே ‘மா’ என்னும் ஒலியை நான்கு வகைத் தொனியில் கூறினால் தாய், சணல், குதிரை, திட்டு என நான்கு பொருளாகும். தொடக்கத்தில் நாவும் செவியும் திண்டாடும். ரோமன் எழுத்தில் ஒலியைக் குறிக்கும் ‘பின்யின்’ முறையை 1958-இல் ஏற்றனர். அது ஊன்றுகோலே தவிர, சீன எழுத்துக்கு மாற்றன்று.

ஆனால் அந்த எழுத்துகளில் நெசவாளர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. பட்டு நூலின் முறுக்கைக் காட்டும் சிறு குறி ஒன்று எண்ணற்ற எழுத்துகளின் இடப்பக்கத்தில் நிற்கின்றது. நூற்றல், நெய்தல் ஆகியவற்றில் அது இருப்பது இயல்பே. சிவப்பிலும் பச்சையிலும் அதுவே. சாயத் தொட்டியின் நினைவு போலும். ‘ஜிங்’ என்பது பாவு. அவ்வெழுத்தே மறைநூலையும் குறிக்கும். ‘வெய்’ என்பது ஊடை. பாவும் ஊடையும் சேர்ந்து பூகோளப் படத்தின் நெடுங்கோடும் குறுக்குக் கோடுமாயின. காகிதம் என்னும் எழுத்திலும் அந்நூற்குறி உண்டு. இத்துணைத் தாள்களைக் கேட்கும் அலுவல் முறைக்கு ‘ஷௌ-ஷ்யூ’ என்று பெயர். அதன் இரண்டாம் எழுத்திலும் நூலே தொடர்கின்றது!

பயிர் செய்வோரும் மனம் வாட வேண்டா. கதிர்க் குறி அவர்க்குரியது. விதைப்பதில் அது உண்டு. குத்தகையிலும் வரியிலும் உண்டு. விளைச்சலில் இருந்தே இரண்டும் எடுக்கப்பட்டன என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடுகின்றது. கூட்டுறவுக்கு அங்கே வழங்கும் ‘ஹே-ஸுவோ’ என்னும் சொல்லுக்குச் சேர்ந்து செய்தல் என்பது பொருள். 1938-இல் தோன்றிய சீனத் தொழிற் கூட்டுறவு இயக்கத்தின் சுருக்கப் பெயரான ‘கோங்-ஹே’ ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. அவ்வியக்கத்தில் முன்னின்றவருள் ஒருவரான ரெவி ஆலி, 1927-இல் ஷாங்காய்க்கு வந்து, அங்கேயே சீனம் கற்ற நியூசிலாந்துக்காரர்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். தொற்று நோயின் காரணமாக 2020 மார்ச் 28 முதல் சீனம் அயலார்க்குக் கதவை அடைத்தது. மாணவர்க்கு அது மீண்டும் திறந்தது 2022 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலத்தில் சேர்ந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே கணிப்பொறி முன்னர்ப் பயின்றனர். ஆகையால் கட்டணம் செலுத்துமுன், வகுப்புக்குச் செல்ல இயலாமற் போனால் எவ்வளவு திருப்பித் தருவர் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குக. பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

நாம் முதலிற் சொன்ன பெண் பாஸ்போர்ட்டைத் திருத்தி, மறுபடியும் பதிவுக் கட்டணம் கட்டி, இரண்டாம் பருவத்தில் சேர்ந்துவிட்டாள். விமானச் சீட்டில் ஒரு பகுதி போனது போனதுதான். அதனைத் தந்தையார் இரண்டு புடவைக் கூலி என்று கணக்கிட்டுச் சொன்னார். வாரத்திற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வகுப்பு, காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடுகின்றது, குளிர்தான் தாங்கவில்லை என்று எழுதியிருக்கின்றாள். பாவு என்னும் எழுத்தைக் கடிதத்தில் பெரிதாக வரைந்து அனுப்பியிருக்கின்றாள். தந்தையார் அதனைத் தறிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றார். நாம் சென்றபோது காட்டினார்.