டிஷ்வாஷரில் தண்ணீர் தேங்கினால் முதலில் ஒரு வாளியை எடுங்கள்

நற்பிட்டிமுனைப் பக்கத்துக் குசினிகளுக்கு டிஷ்வாஷர் இன்னும் புதிய சாமான்தான். கட்டார், சவூதி என்று உழைக்கப் போனவர்கள் அனுப்பியதாகவோ, கொண்டுவந்ததாகவோ இருக்கும். பழுதானால் யாரைக் கேட்பது என்பதே பெரிய கேள்வி. “காக்கா, மெஷினுக்குள்ள தண்ணி நிண்டு போச்சு, வெளிய போகுதில்ல” என்று சொன்னவுடன், “பம்ப் போயிட்டு, மாத்தணும்” என்று பதில் வந்துவிடுகிறது. உழைத்துச் சேர்த்த காசைச் செலவழிக்க முன்னர், தண்ணீர் எந்த இடத்தில் மறிபடுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

புதிய மெஷின் ஒன்று ஒரு தடவை கழுவி முடிக்கப் பத்து, பன்னிரண்டு லீற்றர் தண்ணீர்தான் எடுக்கும். அழுக்குத் தண்ணீர் அடியிலுள்ள குழிக்குள் வடிய, அங்கிருக்கும் சின்னப் பம்ப் அதை ஹோஸ் வழியாக வெளியே தள்ளும். ஹோஸ் போய்ச் சேருவது சிங்கின் கீழுள்ள குழாயில். போஷ் மெஷினில் ‘ஈ24’ அல்லது ‘ஈ25’, எல்ஜியில் ‘ஓஈ’ என்று காட்டினால், சொல்வது இதைத்தான்: தண்ணீர் வடியவில்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹோஸின் நுனியைச் சிங்குக் குழாயிலிருந்து எடுத்து வாளிக்குள் விடுங்கள். திரும்பப் பிளக்கைப் போட்டு, கழுவுவதை நிறுத்தித் தண்ணீரை வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். வாளிக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் பெரும்பாலும் மெஷினில் குறை இல்லை. பிழை வீட்டு வடிகாலில்.

நமது ஊரில் அதற்கான வாய்ப்பு நிறையவே உண்டு. மேற்கே வயல், அதற்கப்பால் கிட்டங்கித் தாம்போதி. மாரி வெள்ளம் அதை மூடி நாவிதன்வெளிப் போக்குவரத்து நின்றுபோன நாட்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். இப்படித் தாழ்ந்த நிலத்தில் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குசினித் தண்ணீரை வாங்கும் உறிஞ்சு குழியும் நிரம்பிவிடும். உறிஞ்ச மண்ணில் இடமில்லாதபோது எந்தப் பம்பும் உதவாது. சிங்கில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் விடை தெரியும். அது மெதுவாக இறங்கினாலோ, குமிழியிட்டு மேலே வந்தாலோ குழியையும் குழாயையும் பாருங்கள். மாட்டிறைச்சிக் கொழுப்பும் தேங்காய்ப்பால் எண்ணெயும் குழாயின் உட்பக்கத்தில் வெள்ளையாக உறைந்து வழியைக் குறுக்கிவிடும். கோடையில் குழியைத் துப்புரவாக்கி, அதற்கு முன்னால் கொழுப்பு மிதந்து தங்க ஒரு சிறு தொட்டி கட்டினால் மாரியில் தொல்லை குறையும். ஹோஸை நேரே தெருக்கானுக்குள் விடவே கூடாது. அந்த அழுக்கு அயல் வீட்டு வாசலில்தான் தேங்கும்.

மெஷின் புதிது, பூட்டிய நாளிலிருந்தே தண்ணீர் போகவில்லை என்றால், ஹோஸ் பொருத்திய சிங்குக் குழாயின் வாயைப் பாருங்கள். சிலவற்றில் அந்த வாய் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும். பூட்டுபவர் அதை வெட்டித் திறக்க மறந்திருப்பார்.

வாளிக்குள் தண்ணீர் வரவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். மெஷினுக்குப் பின்னால் ஹோஸ் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கோப்பையால் அள்ளி, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். அடியில் உருளையாக இருக்கும் வடியை இடப்பக்கம் திருகினால் கையோடு வரும். சகனில் நாலைந்து பேர் கூடிச் சாப்பிட்டதை வழிக்காமல் உள்ளே வைத்திருந்தால், சோறு, மீன் முள், கறிவேப்பிலை ஈர்க்கு, கறுவாப்பட்டை எல்லாம் அங்கே களியாய் அடைந்திருக்கும். பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வடி இருந்த குழியின் ஓரத்தில் பல மெஷின்களில் பம்பை மறைக்கும் சிறு மூடி ஒன்று இருக்கும். அதைக் கரண்டி நுனியால் கிளப்பி எடுத்தால் உள்ளே சின்னச் சக்கரம் தெரியும். உடைந்த கண்ணாடி இருக்கக்கூடும், விரலை விடவேண்டாம், குச்சியால் சுற்றுங்கள். அது வழுவழுவென்று சுற்றாமல் விட்டுவிட்டு இழுபட்டுச் சுற்றும். பயப்படத் தேவையில்லை, உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான். அசையவே அசையாவிட்டால்தான் ஏதோ சிக்கியிருக்கிறது.

டிஷ்வாஷர் வில்லையோ தூளோ கைக்குக் கிடைக்காதபோது சிலர் சட்டி கழுவும் திரவத்தை ஊற்றிவிடுகிறார்கள். பொங்கும் நுரையோடு காற்றையும் சேர்த்து இழுப்பதால் பம்பால் தண்ணீரைத் தள்ள முடியாது. நுரையை அள்ளிக் கொட்டி, குளிர்ந்த தண்ணீர் விட்டு, திரும்பத் திரும்ப வெளியேற்றுவதே வழி.

சவூதியிலிருந்து வந்த மெஷின் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. கட்டார், குவைத், துபாயில் நம்மைப் போல 50தான். உள்ளே காந்தமுள்ள இந்த வகைப் பம்ப் பெரும்பாலும் மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்பவே சுற்றும். 60க்கென்று மட்டும் செய்யப்பட்ட பம்ப் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழக்க, தண்ணீரை உயரத் தள்ளும் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கால் குறைந்துவிடும். ஹோஸைச் சற்று உயரத்தில் வளைத்துக் கட்டச் சொல்வார்கள், சிங்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வராமலிருக்க அது அவசியம். அந்த உயரம் கைந்நூலில் சொன்னதை மிஞ்சினால், வலுக்குறைந்த பம்ப் திணறிப்போகும். கதவின் ஓரத்திலுள்ள தகட்டில் ‘50/60’ என்றிருந்தால் கவலையில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பம்ப் இரைந்துகொண்டே தண்ணீரை விடாவிட்டாலும், சத்தமே இல்லாவிட்டாலும், கருகிய மணம் வந்தாலும் திருத்துபவரை அழையுங்கள். அதே தகட்டிலுள்ள மொடல் இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, வாளிக்குள் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதையும் சொல்லிவிட்டால், பொருத்தமான பம்பைக் கையோடு கொண்டுவருவார்.